அப்பாவின் வயிறும் தலைமன்னார்க் கப்பலும்

பனியில் நனைந்த தகரக் கதவை முஷ்டியால் தட்டும்போது எழும் ‘டம் டம்’ ஓசையோடுதான் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ‘லயத்து’க்கு விடியும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை வீட்டு ஆண்களுக்கும் ஒரே கக்கூஸ். அதற்குள் எங்கள் அப்பா. வெளியே செம்போடு நிற்கிறவர்கள் எல்லாரும் எங்களைப் போலவே இலங்கைத் தோட்டங்களிலிருந்து கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் என்பதால் கேலியும் கப்பலிலேயேதான் வரும்.

“என்னா அண்ணே, கப்பல் இன்னும் தலைமன்னாருலதான் நிக்குதா?”

“நங்கூரம் சிக்கிக்கிச்சு போல!”

“சத்தம் போடாதீங்கடா, வர்றதும் உள்ள போயிரும்” என்று அப்பா உள்ளேயிருந்து முனகுவார்.

அப்படி ஒரு காலையில், அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என் முன்னால் மேஸ்திரி வீட்டுப் பசு வந்தது. நிற்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, நடந்தபடியே தன் வேலையை முடித்துவிட்டு வாலை வீசிக்கொண்டு போயிற்று. எனக்குப் பொறி தட்டியது. இது தின்பது புல். அப்பா தின்பதோ மூன்று வேளையும் மைதா ரொட்டி! முந்தின வாரம்தான் வகுப்பில் ‘நார்ச்சத்து’ படித்திருந்தேன். படித்ததை யார் மேலாவது பிரயோகித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, விஷயம் சிரிப்பில்லை. அப்பா அப்போது ‘டெம்பரவரி’. சங்கு ஊதியதும் ஆள் எடுக்கும் ‘மஸ்டரு’க்கு (அப்பாவுக்கு அது இன்றைக்கும் இலங்கைப் ‘பெரட்டு’தான்) இந்த வயிற்றால் அவர் பிந்திக்கொண்டே இருந்தார். மேஸ்திரி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், மிரட்டுவதைக்கூட மரியாதையாகச் செய்வார்: “ஏனுங்க, பெர்மனெண்டுக்கு பேரு குடுக்கப் போறமுங்க. இன்னொருக்கா லேட்டாச்சுன்னா உங்க பேரை நான் சொல்ல முடியாதுங்க, பாத்துக்கங்க.”

அன்றிலிருந்து எங்கள் அடுப்படி என் ஆட்சிக்குள் வந்தது. ரொட்டி மாவில் முருங்கைக்கீரையைப் பிசையச் சொன்னேன், ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி கிண்டச் சொன்னேன். அம்மா சொன்னபடியே கிண்டினாள். அப்பாதான் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்னைய என்னா ஆடுன்னு நெனச்சியா, புள்ள?”

“மாடுப்பா” என்றேன், உற்சாகத்தில்.

வாரம் முடிவதற்குள் நிலைமை படுமோசமானது. முன்பாவது கப்பல் தாமதமாகக் கிளம்பும். இப்போது கிளம்பவே இல்லை. வயிறு கல்லாகிப்போய், ஒரு காலையில் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வேட்டியைப் பிடித்தபடி காரியம் முடியாமல் ஓடினார். மேஸ்திரி அவரைச் சேர்த்துக்கொண்டார். “இதுதானுங்க கடைசி” என்றும் சொல்லிவிட்டார். லயமே என்னை ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தது, கைதட்டிச் சிரித்துக்கொண்டு.

மானம் போய் உட்கார்ந்திருந்த என் கண்ணில் மறுபடி அதே பசு பட்டது. வாளியில் முகத்தை நுழைத்து, அடி தெரியும்வரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தின்ற நார் ஊறத் தண்ணீர் வேண்டாமா? அப்பா தண்ணீர் குடித்து நான் பார்த்திருக்கிறேனா? யோசிக்க யோசிக்க, பால் விடாத தேத்தண்ணியான சாயத்தண்ணி தவிர வேறெதுவும் அவர் தொண்டையில் இறங்கியதாக நினைவில்லை. ஓடிப்போய்க் கேட்டேன்.

“கப்பல விட்டு எறங்குனதும் கேம்ப்புல ஒருத்தர் சொன்னாரு புள்ள, புது ஊரு தண்ணி ஒத்துக்காது, சாயத்தண்ணியாவே குடிங்கன்னு.”

“அதுக்கப்புறம் யாரும் குடிக்கலாம்னு சொல்லலையா?”

“யாரு சொன்னா?” என்று அப்பா என்னையே திருப்பிக் கேட்டார்.

நாங்கள் வந்து இறங்கி வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த மனிதரின் உத்தரவு மட்டும் ரத்தாகவில்லை. அதை ரத்துசெய்ய எனக்கு அதிகாரம் இல்லாததால் குறுக்கு வழியில் போனேன். “காய்ச்சின தண்ணின்னா சாயம் போடாத தேத்தண்ணிதானேப்பா?” என்று சொல்லி, அவருடைய டீ டம்ளரிலேயே வெந்நீரை ஊற்றிக் கொடுத்தேன். சந்தேகத்தோடு ஊதி ஊதிக் குடித்தார். விடிந்ததும் இரண்டு டம்ளர், வேலைக்கு ஒரு போத்தல். கீரையும் களியும் தொடர்ந்தன.

நாலைந்து நாள் கழித்து, செம்புக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே தகரக் கதவு உள்ளிருந்து திறந்தது. “டேய், கப்பல் ராமேஸ்வரம் வந்துருச்சுடா!” என்று அப்பா போட்ட சத்தம் மேஸ்திரி வீடுவரை கேட்டிருக்கும். அன்று ‘பெரட்டு’க்கு முதல் ஆளாக நின்றார். அவர் பேரும் பெர்மனெண்டானது.

இன்று அந்தத் தகரக் கதவு இல்லை. வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்துவிட்டது. தலைமன்னார்க் கப்பல் போக்குவரத்தும் நின்று போயிற்று. நான் ஊட்டியில் வேலைக்குப் போகிறேன். அப்பா வாசலில் பப்பாளி வளர்த்து, வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து வயிறு விசாரிக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது, கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவுக்கு நான் வாங்கிக்கொடுத்திருந்த தண்ணீர்ப் போத்தல் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் பரணில் இருந்தது.

“குடிச்சா கொழுந்துக் காட்டுல எங்க போயி ஒதுங்குறது?” என்றாள் அம்மா. “உங்கப்பா கப்பலத்தானே எல்லாரும் பாத்தீங்க. என்னுது இன்னும் தலைமன்னாருலதான் நிக்குது” என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கீரையோ களியோ இதற்குப் போதாது. வரும் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அம்மாவையும் அவளோடு பறிக்கிற பெண்களையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போகிறேன், கொழுந்துக் காட்டிலேயே ஒரு கக்கூஸ் கட்டித் தரச்சொல்லிக் கேட்க. கதவை மட்டும் தகரத்தில் போட வேண்டாம் என்றும் சொல்வேன்.