அரண்மனையின் பின்பக்கம்

அரண்மனை வாசலில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, என் சம்பந்தி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு நுனியால் ஒரு கல்லைத் தட்டினார். தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே நடையைக் கட்டினார். டிக்கெட் வரிசை இந்தப் பக்கம். அவர் போனது அந்தப் பக்கம்.

முப்பத்தைந்து வருடம் பிளம்பர் வேலை பார்த்தவர். ஓய்வெடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இப்போது ஊர் ஊராகப் போகிறார். பெயர்பெற்ற கட்டடம் எதுவானாலும் முதலில் பின்பக்கம்தான். கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் எங்கே இறங்கி எங்கே வெளியேறுகிறது என்று கண்டுபிடித்த பிறகே உள்ளே கால் வைப்பார். "முன்பக்கம் ராஜா ஆசைக்குக் கட்டினது சம்பந்தி. பின்பக்கம்தான் கொத்தனார் மூளை" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். தனி ஆளாக நின்று மூன்று இரும்புக்கடை போட்டேன். ஆளை எடை போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கே இவர் பிடிபட ஏழு வருடம் ஆயிற்று. என் பெண்ணை அவர் மகனுக்குக் கேட்டு வந்த அன்று, ஹாலில் போட்டிருந்த பளிங்கை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மொட்டைமாடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நின்றார். "எல்லாம் பிரமாதம். அந்த மூலையில மட்டும் தண்ணி யோசிக்குது" என்றார். என் வீட்டில் தண்ணீர் யோசிக்கிறதாம்! இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் அந்த மூலையை இடித்துச் சரிசெய்தேன். அது என் சொந்த முடிவு.

அவர் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அன்று அரண்மனைப் படியில் உட்கார்ந்து கறாராகச் சொல்லிவிட்டார்: "பதினோரு ஊர் கூடவே போயாச்சுண்ணே. குழாயை எடுத்திருக்காரு, சாக்கடை மூடியை எடுத்திருக்காரு. ஒரு போட்டோவுலகூட நான் இல்ல. எங்கக்கா கேக்குறா, நீ நிஜமாவே போனியாடின்னு. இன்னிக்கு அரண்மனை முன்னாடி ரெண்டு பேரும் நிக்கணும். இல்லேன்னா அடுத்த ஊருக்கு அவரு தனியாப் போகட்டும்."

நாங்கள் வந்த பஸ் கிளம்பப் பத்து நிமிடம்தான் இருந்தது. பின்பக்கம் ஓடினேன். அங்கே சம்பந்தி தோட்டக்காரரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கல் குழாய்க்குள் தலையை நுழைத்திருந்தார்.

"இங்க பாருங்க சம்பந்தி! இவரு தாத்தா காலத்துலேருந்து ஒரு தடவைகூட அடைக்கலையாம்!"

"குழாய் இங்கேயேதான் இருக்கும். தங்கச்சி இருக்குமான்னு பாருங்க."

தங்கச்சி சொன்னதை நான் அப்படியே சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் வந்தார். மனைவி பக்கத்தில் விறைப்பாக நின்றார். நான் போனைத் தூக்கினேன். அவர் கண் மெல்ல மேலே ஏறியது.

"இங்க பாருங்க" என்றேன். இறங்கியது. மறுபடி ஏறியது.

"என்னங்க, அங்கே என்ன?" என்றார் தங்கச்சி.

"ஒண்ணுமில்ல. எதிர்ல அந்த வாயில் கூரை விளிம்புல தண்ணி எப்படி..."

தங்கச்சி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு படி இறங்கினார். சம்பந்தி எட்டி அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினார். பிடித்த கையை விடாமல், இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"சீக்கிரம் எடுங்க சம்பந்தி."