நாலாம் வார்டுக்குப் போகாத காகிதம்

அந்த மருத்துவமனையில் அவரைச் சொந்தப் பெயரால் குறிப்பிட்டது சம்பளப் பட்டியல் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் 'பச்சை'. கம்ப்யூட்டர் ஓடவில்லை, இணைப்பு வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும், நெட்வொர்க் சுவிட்ச் இருக்கும் அறைக்குப் போய், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வரிசையாக மினுக்கும் விளக்குகளைப் பார்ப்பார். "பச்சை எரியுதே, அப்புறம் என்ன?" என்பார். பத்தில் ஒன்பது தடவை அவர் சொன்னது சரியாகவே இருக்கும். புகார் சொன்னவர் மேசைக்கடியில் காலை நீட்டி ஒயரைப் பிடுங்கியிருப்பார்.

பத்தொன்பது வருடம் அங்கே வேலை. அதற்குள் ஒப்பந்த நிறுவனம் நாலு தடவை மாறியது. சட்டைப் பையில் தைத்த முத்திரையும் நாலு தடவை மாறியது. ஆள் மாறவில்லை. ஒவ்வொரு வருடமும் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவரைப் போல ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்.

ஆய்வுக்கூடம் பழைய கட்டடத்தில் இருந்தது, வார்டுகள் புதிய கட்டடத்தில். இரண்டு கட்டடத்திலும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஒவ்வொரு பெரிய சுவிட்ச். நடுவே எட்டு கேபிள்கள். எட்டையும் ஒரே கேபிளாக நினைத்துக்கொள்ளும்படி சுவிட்சுகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். எல்லாம் நன்றாக இருந்தால் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தப் பங்கில் ஒரு பிடிவாதம் உண்டு. இந்தக் கம்ப்யூட்டர் அந்தப் பிரிண்டரோடு பேசுவதற்கு ஐந்தாவது கேபிள் என்று ஒருமுறை விழுந்துவிட்டால், எப்போதும் ஐந்தாவதுதான்.

முறைப்படி, ஒவ்வொரு கேபிளிலும் இரண்டு சுவிட்சும் விடாமல் "அந்தப் பக்கம் நீதானே?" என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராத கேபிளை அவையே ஒதுக்கிவிடும். புதிய கட்டடம் திறந்த அன்று, வெவ்வேறு கம்பெனியில் வாங்கிய அந்த இரண்டும் இந்த விசாரிப்பில் ஒத்துப்போகவில்லை. பச்சை ஒரு நாள் அவகாசம் கேட்டார். வாசலில் ரிப்பன் கட்டியாகிவிட்டது என்று மேலாளர் ஒரு மணி நேரம் கொடுத்தார்.

"விசாரிப்பும் வேணாம், குசலமும் வேணாம். அதை நிறுத்திட்டு எட்டையும் அடிச்சுச் சேர்த்து விடுய்யா. ஓடுதா, இல்லையா?"

ஓடியது. பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் ஆகியும் அந்தப் 'பின்னால்' வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சோதிக்கிற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சும் வேகம், நடையும் வேகம். ஒரு நாள் அவள் பச்சையைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, என் கம்ப்யூட்டர்ல இருந்து நாலாம் வார்டு பிரிண்டருக்கு ரிப்போர்ட் போகல."

"மத்த வார்டுக்கு?"

"போகுது."

"பக்கத்து கம்ப்யூட்டர்ல இருந்து நாலாம் வார்டுக்கு?"

"அதுவும் போகுது. என்னோடது மட்டும்தான், அங்க மட்டும்தான்."

"அப்ப உனக்கும் அந்தப் பிரிண்டருக்கும் ஏதோ வாய்த்தகராறு. சமாதானமாப் போம்மா."

அவளும் சிரித்தாள். பச்சை தன் லேப்டாப்பை அங்கேயே சொருகி நாலாம் வார்டுக்கு ஒரு தாள் அனுப்பினார். போனது. பதிவேட்டில் எழுதினார்: 'சோதித்தேன். பழுது இல்லை.'

அந்தத் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அவருடைய லேப்டாப்புக்கு விழுந்தது வேறு கேபிள். தன் வழியைப் பார்த்துவிட்டு அவள் வழியைப் பார்த்ததாக எழுதினார். பொய் எழுதினோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவள் தன் நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டாள்.

"இதுல உக்காந்து பாருங்கண்ணே. உங்க பெட்டிக்கு வழி விடுறது என் பெட்டிக்கு விடலன்னா?"

"உனக்கு எஞ்சினியர் வேலையே குடுத்திருக்கலாம் போல."

"குடுத்தா வேணாம்னா சொல்லப் போறேன்? உக்காருங்க முதல்ல."

மேலே கணக்கர் அறையிலிருந்து நாலு தடவை போன் வந்திருந்தது. அவர் உட்காரவில்லை. லேப்டாப்பில் பார்த்தார், பச்சை என்றார், மூன்றாவது வரியையும் எழுதிவிட்டுப் போனார்.

அவள் மட்டும்தானா என்றால், இல்லை. மற்றவர்களுக்கும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தடங்கல் வந்தது. அவர்கள் பக்கத்து மேசைக்குப் போய் அனுப்பிக்கொண்டார்கள், பேசாமல் இருந்துவிட்டார்கள். அவளால் அது முடியாது. ரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரம் அவள் கம்ப்யூட்டரில்தான் கட்டியிருந்தது. முடிவைப் போனில் சொல்லலாம் என்றால், அதற்கும் தடை. 'முடிவுகளை வாய்மொழியாகத் தெரிவிக்கக் கூடாது, எல்லாம் கணினி வழியே' என்று ஒரு சுற்றறிக்கை சுவரில் தொங்கியது; போனில் சொன்னால் வார்டில் எழுதிக்கொள்ளவும் மாட்டார்கள். ஆகவே அவள் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஓடினாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. நாலாம் வார்டு செவிலியர்கள் அவளுக்கு 'ஓட்டக்காரி' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு நாள் அவளால் ஓட முடியவில்லை. நெடுஞ்சாலையில் இரண்டு பேருந்துகள் மோதி, காலை பத்து மணியிலிருந்து ரத்தக் குழாய்கள் வந்து குவிந்தன. அவளோடு இருக்க வேண்டிய இன்னொருவரின் இடம் இரண்டு வருடமாகக் காலி. பதினொன்று நாற்பதுக்கு நாலாம் வார்டில் படுத்திருந்த ஒரு லாரி ஓட்டுநரின் முடிவு வந்தது. பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அது ஏறினால் இதயம் தாளம் தப்பும், எந்த நிமிடமும் நிற்கும். அவள் அனுப்பினாள், போகாது என்று தெரிந்தே. கதவைத் திறந்து தாழ்வாரத்தில் ஆள் தேடினாள். ஒருவரும் இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர்களுக்கு ரத்தம் ஏற்ற வகை பார்த்துக்கொடுக்க அவள் ஒருத்திதான். பன்னிரண்டு ஐம்பதுக்குத் தாளோடு ஓடினாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

அந்த ஓட்டுநரின் மகள் தாழ்வாரத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எங்கப்பா ரத்தத்தை வச்சுக்கிட்டு அங்க என்னடி பண்ணிட்டு இருந்த? ஒரு மணி நேரம்! என்ன பண்ணிட்டு இருந்த?"

வார்டில் இருந்தவர்கள் விதி என்றார்கள். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை; ஆள் போடாதவனும் தப்பித்தான், சுற்றறிக்கை எழுதியவனும் தப்பித்தான். நிர்வாகத்துக்கு மட்டும் விதி போதவில்லை. கோப்பை மூட அதற்கு ஒரு ஆள் வேண்டும். மூன்று நாளில் விசாரணை முடிந்தது. அறிக்கையில் ஒரு வரி: 'தொழில்நுட்பப் பழுது எதுவும் இல்லை என மூன்று முறை சோதித்துப் பதிவு செய்யப்பட்டுள்ளது.' ஒன்பதாம் நாள் அவள் வேலையில் இல்லை. அலட்சியத்தால் ஓர் உயிர் போனது என்று அவள் பதிவு பெற்ற ஆய்வகப் பணியாளர் மன்றத்துக்கும் கடிதம் போனது. இனி எந்த ஆய்வுக்கூடத்திலும் அவளை நுழையவிடமாட்டார்கள்.

நான் பார்த்ததைத்தானே எழுதினேன் என்று பச்சை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்து, வாகன நிறுத்தத்தில் மருத்துவமனை இயக்குநரின் காரை எவனோ கீறிவிட்டான். கேமராவில் பார்க்கலாம் என்றால் அந்தக் கேமரா இருண்டு கிடந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் சரியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கேமராவின் கேபிள் புதிய கட்டடத்துச் சுவிட்ச் அறைக்குப் போனது. அந்த அறைச் சாவியை முன்பு இரண்டு தடவை பச்சை கேட்டபோது, வண்ணம் பூசுகிறவர்களிடம் இருக்கிறது, நாளைக்கு வா என்றார்கள். காருக்குக் கீறல் என்றதும் சாவி பத்து நிமிடத்தில் வந்தது.

உள்ளே சுவர் புதிதாக வெள்ளையாக இருந்தது. பூச வந்தவர்கள் சுவிட்சுகள் இருந்த ரேக்கை நகர்த்த இரண்டு கேபிளைக் கழற்றி, இடம் மாற்றிச் சொருகிவிட்டுப் போயிருந்தார்கள். கேமராவின் கேபிள் பெரிய சுவிட்சில் இருந்தது. பழைய கட்டடத்திலிருந்து வரும் எட்டில் ஐந்தாவது, கேமராக்களுக்கான சின்னச் சுவிட்சில் இருந்தது. எல்லா விளக்கும் பச்சை. விசாரிப்பு இருந்திருந்தால் பழைய கட்டடத்துச் சுவிட்ச் அன்றே அந்தக் கேபிளை ஒதுக்கியிருக்கும். அது இல்லாததால், ஐந்தாவதில் அனுப்பியதெல்லாம் யாருக்கும் சேராத இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கதவில் ஒட்டிய தாளில் வண்ணம் பூசிய தேதி இருந்தது. அதற்கு மறுநாள்தான் அவள் முதல் தடவை கூப்பிட்டிருந்தாள்.

பச்சை கேபிளைத் தொடாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். துணி போட்டு மூடியிருந்த அவள் கம்ப்யூட்டரைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நாலாம் வார்டு பிரிண்டரைக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. நாலு தடவை கூப்பிட்டார். நாலு தடவையும் இல்லை. திரையைப் படம் எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரை அணைக்காமல் திரும்பிப் போய், இரண்டு கேபிளையும் அதனதன் இடத்தில் சொருகினார்.

நாலாம் வார்டுக்குள் நுழையும்போதே பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"பச்சையண்ணே, இதுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றாள் செவிலி. "எப்பவோ வீட்டுக்குப் போனவங்க ரிப்போர்ட்டெல்லாம் கக்குது!"

அனுப்பியவை அத்தனையும் அவள் கம்ப்யூட்டரில் வரிசையாகக் காத்துக்கிடந்திருக்கின்றன. தாள் மேல் தாளாக விழுந்தன. இடையில் ஒரு தாளில் லாரி ஓட்டுநரின் பெயர், தேதி, பொட்டாசியத்தின் அளவு, அனுப்பிய நேரம் 11.40. செவிலி அதை எட்டிப் படித்தாள்.

மேலாளர் தாளைக் கையில் வாங்கவே இல்லை.

"சரி பண்ணிட்டியா? நல்லது. விட்டுரு."

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார்."

"விசாரணை முடிஞ்சு போச்சுய்யா."

"திரும்ப எடுக்கலாமே சார்."

"எடுத்தா முதல்ல யாரைக் கேப்பாங்க? பழுது இல்லைன்னு மூணு தடவை எழுதினது நானா, நீயா? அந்த விசாரிப்பை நிறுத்தினது யார் கை?"

"கை என்னோடது. நிறுத்தச் சொன்னது நீங்க."

"நான் சொன்னதுக்குக் காகிதம் இருக்கா?"

மறுநாள் காலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் பச்சை எல்லாவற்றையும் சொன்னார். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்த நாற்காலியில உக்காரச் சொன்னாளே, ஏன் உக்காரல?"

"நேரமில்ல."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்."

மனைவி ஒரு சட்டையை முழுக்க மடித்து வைத்தார். "எழுதிக் குடுத்துருங்க" என்றார். "அடுப்பு எப்படியாவது எரியும். இப்படி முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்காதீங்க, என்னால பாக்க முடியல."

இரண்டு பக்கம் எழுதினார். மாறிய கேபிள், நிறுத்திய விசாரிப்பு, சொன்னவர் யார், செய்தவர் யார், மூன்று தடவை தான் உட்காராத நாற்காலி எல்லாம் அதில் இருந்தது. இயக்குநருக்கும் மன்றத்துக்கும் ஒவ்வொரு படி. மன்றம் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஓர் அட்டை அனுப்பியது. இயக்குநர் அலுவலகம் 'மறுவிசாரணைக்கு முகாந்திரம் இல்லை' என்றது. அந்த வருடம் கையெழுத்துப் போடும் தாள் எல்லோருக்கும் வந்தது, பச்சைக்கு வரவில்லை.

அதன் பிறகுதான் அவருக்கு அவள் வீட்டுக்குப் போகத் துணிச்சல் வந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. கூலிக்குத் தட்டச்சு செய்ய வாங்கிவந்த தாள்கள் கட்டில் நிறைய. அவள் கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"மூணு தடவ சொன்னேனேண்ணே."

"ஆமாம்மா."

"நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன் தெரியுமா? அனுப்பினேனா, அனுப்புற பட்டனை அழுத்தினேனான்னு. தினம் அந்த ஒரு மணி நேரத்தத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறேன்."

கடிதத்தை மடித்து அவரிடம் நீட்டினாள்.

"வேலை கெடக்கட்டும். அந்த டிரைவரோட பொண்ணுகிட்ட வந்து சொல்லுவீங்களா? நான் சொன்னா நம்பமாட்டா. எங்க கண்டாலும் கொலைகாரின்னுதான் பாக்குறா."

டயர் பழுது பார்க்கும் கடைக்குப் பின்னால் இருந்தது ஓட்டுநரின் வீடு. கதவைத் திறந்த மகள், அவளைக் கண்டதும் முகம் இறுகி நின்றாள்.

"எதுக்கு வந்த?"

"நான்தாங்க வரச் சொன்னேன்" என்று பச்சை பொய் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் உண்மை. கேபிள் மாறியதைச் சொன்னார். அவள் மூன்று தடவை முறையிட்டதைச் சொன்னார். பழுது இல்லை என்று எழுதிய கை எது என்று காட்டினார். பிரிண்டர் கக்கிய அந்தத் தாளை நீட்டினார். மகள் அதிலிருந்த தகப்பன் பெயரை விரலால் தொட்டாள்.

"இது அன்னைக்கே வந்திருந்தா எங்கப்பா இருந்திருப்பாரா?"

அதை டாக்டர்தான் சொல்ல முடியும் என்று ஒதுங்கியிருக்கலாம். அது தப்பான பதிலும் இல்லை.

"இருந்திருக்கலாம்" என்றார்.

கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஒருமுறை ஓடி நின்றது. மகள் கண்ணைத் துடைக்காமலே அவரைத் தாண்டிப் பார்த்தாள்.

"நீ உள்ள வாக்கா."

ஆய்வுக்கூடத்துப் பெண் வாசல்படியைத் தாண்டினாள். உள்ளே யாரோ விம்முவது கேட்டது, யாரென்று தெரியவில்லை. தன்னையும் கூப்பிடுவார்கள் என்று பச்சை எதிர்பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று டயர்க் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நடந்தார்.