பல் டாக்டரின் பல்

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும். வாய் நீளமாக இருப்பதால்தான் இதையெல்லாம் சொல்லவும் முடிகிறது.

ராவாங்கில் வீடு வாங்கியபோது, சுங்கை சோ பக்கத்தில் ஒரு வக்கீலிடம் பத்திரம் எழுதப் போனோம். நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். அப்புறம் வாயைத் திறந்து சிரித்தார் பாருங்கள், முன்பல் இரண்டும் கருத்துப் போயிருந்தன. நான் மேசைக்கு அடியில் வீட்டுக்காரர் தொடையைக் கிள்ளினேன். வெளியே வந்ததும், "பல்லையே பாத்துக்கத் தெரியாத ஆளு, நம்ம பத்திரத்த எங்க பாக்கப் போறாரு? வேற ஆளப் பாருங்க" என்றேன். வேறு ஆளைப் பார்த்தோம். பளிச்சென்று பல். அந்தப் பளிச்சுப் பல்லுக்காரர் எங்களை எட்டு மாதம் அலையவிட்டார்.

ஆகவே, என் தம்பியின் பல்லைப் பார்த்துவிட்டு முகம் சுளித்து எழுந்து போனவர்களைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் திட்டுவேன். இன்றைக்கும் திட்டுகிறேன்.

என் தம்பி பல் டாக்டர். கோலசிலாங்கூரில், கடை வரிசையின் மாடியில், மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேலே கிளினிக் வைத்திருந்தான். எனக்கு எட்டு வயது இளையவன். எங்கள் எஸ்டேட்டில் பிறந்து டாக்டர் ஆன முதல் ஆள் அவன்தான். அவன் பட்டம் வாங்கி வந்த அன்றைக்கு எங்கள் லயத்து வீடுகளில் பிறந்தவர்கள் எங்கெங்கிருந்தோ லோரி பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவன் பல் மட்டும் சாம்பல் நிறம். குறுக்கே பழுப்புக் கோடுகள் வேறு, மழையில் கிடந்த பலகை மாதிரி. சொத்தை ஒன்றுகூடக் கிடையாது, அத்தனையும் இரும்பு. ஒரு நாளைக்கு மூன்று வேளை விளக்குவான். விளக்கி என்ன செய்வது? அந்த நிறம் மேலே படிந்த கறை இல்லை, பல்லுக்குள்ளேயே இருப்பது என்று அவன் சொல்வான். எங்கள் எஸ்டேட்டில் அவன் வயசுப் பிள்ளைகள் எல்லாருக்குமே அப்படித்தான். எங்காவது கல்யாண வீட்டில் அந்தப் பல்லோடு ஒருவர் சிரித்தால், "நீங்க நம்ம எஸ்டேட்டா?" என்று நான் போய்க் கேட்டுவிடுவேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். கிணற்றுத் தண்ணீரால் வந்தது என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்வோம். என் பல் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். எனக்கு ராசியான பல் என்று அம்மா பெருமைப்படுவார்.

நான் ராவாங்கில் பாக்டரி வேலையை விட்டுவிட்டு வந்து, தம்பி கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்தேன். ஆள் வந்தால் பெயர் எழுதி உள்ளே அனுப்புவது என் வேலை. உள்ளே அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாஸ்க் போடுவதற்கு முன்னால் ஆளுக்கு எதிரே உட்கார்ந்து, சிரித்து, இரண்டு வார்த்தை பேசுவான். "வாயத் திறந்து நம்மகிட்ட காட்டப் போறாங்கக்கா. மொதல்ல நம்ம மொகத்தக் காட்ட வேணாமா?" என்பான். அவன் கை அவ்வளவு மெத்து. ஊசி போட்டதே தெரியாது. ஆனால் ஊசி வரைக்கும் உட்கார்ந்தால்தானே அது தெரியும்?

செகிஞ்சானிலிருந்து வந்த ஒரு சீன அம்மா படியிறங்கும்போதே தன் மகளிடம், "டாக்டர் புஞா கீகி பூன் மாச்சாம் இத்து" என்றார். டாக்டர் பல்லே அந்த லட்சணத்தில் இருக்கிறதாம். எனக்கும் புரியட்டும் என்றே மலாயில் சொன்னார்போல. வேறொருவர், ஓய்வுபெற்ற வாத்தியார், என்னிடமே நேராகக் கேட்டார்: "டாக்டர் தண்ணி கிண்ணி போடுவாரா?" நான் விட்டேனா? "அவரு பச்சத் தண்ணிதான் போடுவாரு சார். ஒங்க வாய்தான் காலையிலயே மணக்குது" என்றேன். அவர் அப்புறம் வரவில்லை. தம்பி என்னைக் கோபித்துக்கொண்டான்.

இதில் என்னைக் கொல்கிற விஷயம் ஒன்று உண்டு. பெயர் எழுத வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "ஒங்க பல்லு அழகா இருக்கே, டாக்டர் வச்சதா?" என்பார்கள். இல்லை, பிறவிப் பல் என்று சொல்லும்போது தம்பி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

"நீயே டாக்டரு. ஒம் பல்லுக்கு மேல வெள்ளையா எதையாவது ஒட்டிக்கயேன்டா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "நல்ல பல்ல அரைச்சிட்டுத்தான்க்கா அத ஒட்டணும். வர்றவங்ககிட்ட நல்ல பல்ல அரைக்காதீங்கன்னு சொல்லிட்டு, நான் அரைச்சிக்கறதா?" என்பான். இப்படி ஒரு பிடிவாதம். கிளினிக் ஈயடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு மாதம் ஓடினால் பெரிது, மூடிவிட்டு எங்காவது சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான் என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். எஸ்டேட்டிலிருந்து வந்து சொந்தமாக ஒரு பலகையில் பெயர் போட்டவன், அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் அந்தத் தொற்று வந்தது. ஊரெல்லாம் மாஸ்க். முதலில் சில மாதம் ஒன்றுமில்லாமல் கிடந்தோம். திறந்துவிட்ட பிறகு கூட்டம் வந்தது பாருங்கள், எனக்கே நம்ப முடியவில்லை. தம்பி மாஸ்க்கோடுதான் வரவேற்றான், மாஸ்க்கோடுதான் பேசினான். அந்த மெத்துக் கையை அப்போதுதான் ஜனங்கள் கண்டுகொண்டார்கள். ஒருவர் பத்துப் பேரைக் கூட்டி வந்தார். சுங்கை ஆயர் தாவாரிலிருந்தெல்லாம் கார் போட்டு வந்தார்கள். "கைராசி டாக்டர்" என்றார்கள்.

மாஸ்க் வேண்டாம் என்று அரசாங்கம் சொன்ன பிறகு, தம்பி பழையபடி முகத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தான். முதல் வாரமே, பல்லுக்குக் கம்பி போட வந்த ஒரு பெண் பிள்ளை அவன் சிரித்ததைப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது. அம்மா போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போனார். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. பழையபடி ஆகிவிடும் என்று பயந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் உள்ளே போய் நின்றேன். "இங்க பாரு. இனிமே மாஸ்க்கக் கழட்டாத. பேசறப்பவும் கழட்டாத. வாசல்ல நிக்கறப்பவும் கழட்டாத. ஒன் சிரிப்ப யாரும் கேக்கல, புரியுதா?" என்றேன். அப்படியேதான் சொன்னேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. என் நாக்கில் தீயை வைக்க வேண்டும்.

அவன் கழற்றி வைத்திருந்த மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டான். "சரிக்கா" என்றான்.

அதோடு மூன்று வருஷம். காலையில் படியேறும்போதே மாஸ்க். தேநீரைப் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடிப்பான். கிளினிக் நன்றாக ஓடியது. பல் பார்க்கும் நாற்காலி இன்னொன்று வாங்கினோம். ஆனால் அவன் சிரித்துப் பேசுவது நின்றுபோனது. வீட்டு விசேஷங்களில் மாஸ்க் இல்லாதபோதுகூடக் கையை வாயருகே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். தம்பி மனைவி என்னிடம், "என்னண்ணி, இவரு வீட்டுலகூட வாயப் பொத்திக்கிட்டே பேசறாரு?" என்று கேட்டாள். தொழில் பழக்கம் என்று சமாளித்தேன்.

போன வருஷம் ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர், அதே சாம்பல் பல், அதே கோடு. உள்ளே போய் உட்கார்ந்ததும், "நான் வெத்தல போட்டதே இல்ல டாக்டர், சத்தியமா. எம் மருமக வீட்டுல எல்லாம் நான் பல்லு வெளக்க மாட்டேன்னு பேசிக்கறாங்க" என்று அழுதார். கதவு திறந்திருந்தது. நான் கவுண்டரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி மூன்று வருஷத்தில் முதல்முறையாக மாஸ்க்கைக் கழற்றினான். "இங்க பாருங்க. எனக்கும் அதேதான்" என்றான். "நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. சின்னப் பிள்ளையில, பல்லு உள்ள வளர்றப்போ, காய்ச்சலுக்கு மஞ்சளா இனிப்பா ஒரு சிரப்பு குடுத்திருப்பாங்க. அதாலதான் இந்தக் கலரு. எட்டு வயசுக்கு மேல குடிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆவாது. சின்னதுலயே நெறைய குடிச்சவங்களுக்கு இப்படி ஆயிடும். இப்ப எல்லாம் பிள்ளைங்களுக்கு அதக் குடுக்கறதில்ல."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

அந்த மஞ்சள் சிரப்பை அவனுக்குக் கொடுத்தது நான்.

அம்மா விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தால்தான் அன்றைக்குக் கூலி. தம்பியை நான்தான் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் ஆயா சேர்க்கமாட்டார். சேர்க்காவிட்டால் அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எனக்குப் படிப்பென்றால் உயிர். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். காய்ச்சல் வந்த பிறகு எதற்கு மருந்து, வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டால் வராதே என்று என் புத்திக்குத் தோன்றியது. எஸ்டேட் மருந்துக் கொட்டாயில் இருந்த டிரெஸரிடம் காலிச் சீசாவைக் கொண்டுபோய், "தம்பிக்கு இருமல்" என்று நீட்டினால், பெரிய போத்தலிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிடுவார். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஐந்து நாளைக்கு மேல் வேண்டாம் என்பார். நான் தினமும் கொடுத்தேன். வருஷக் கணக்கில் கொடுத்தேன். சிரப் தித்திப்பாக இருக்கும். தம்பி கரண்டியைப் பார்த்தவுடன் குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பான். தாடையில் சிந்தினால், வீணாகப் போகிறதே என்று என் விரலால் வழித்து மறுபடி அவன் வாய்க்குள்ளேயே வைத்துவிடுவேன்.

மிச்சம் இருந்தால் நானும் நக்குவேன். எனக்கு அப்போது எட்டு வயது தாண்டியிருந்தது.

அந்தப் பெண் போன பிறகு பின்னறைக்குப் போனேன். தம்பி தேநீரோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"டேய், எப்பத்துல இருந்து தெரியும் ஒனக்கு?"

"என்னாது?"

"அந்த மஞ்ச மருந்து."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "காலேஜ்ல, ரெண்டாவது வருசத்துல. புத்தகத்துல படம் போட்டிருந்துச்சு. அசல் என் பல்லு."

"இத்தன வருசமாவா? ஏன்டா சொல்லல, பாவி?"

"சொன்னா நீ தாங்க மாட்டக்கா. அப்ப யாருக்கும் தெரியாதுலா. டிரெஸருக்கே தெரிஞ்சிருக்காது." பிறகு, "எனக்கு அது இனிப்பா இருந்ததுதான் ஞாபகம் இருக்கு. அப்பறம் நீ வழிச்சு வைப்ப பாரு, அது" என்றான்.

நான் கெடுத்த பல்லை நானே மூடச் சொல்லியிருக்கிறேன். அவனும் எல்லாம் தெரிந்துகொண்டே "சரிக்கா" என்று மூடிக்கொண்டிருக்கிறான். நான் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். "கழட்டிப் போடுடா அந்தச் சனியன! எவன் வந்தா என்ன, வராட்டி என்ன? கட மூடுனா மூடட்டும்" என்று கத்தினேன். அவன் என்னைத் தூக்கி உட்கார வைத்தான். "பழகிப்போச்சுக்கா. இப்பக் கழட்டுனா சட்ட போடாம நிக்கற மாதிரி இருக்கு" என்றான். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் நான் தினமும் சொல்லிப் பார்த்தேன். நாளைக்கு, நாளைக்கு என்பான். ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு ஆளுக்குப் பல் பார்த்து முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிடுமுன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் புது நாற்காலியிலேயே சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டியில் அவன் மாஸ்க்கைக் கழற்றியது நான்தான்.

தாமான் குடியிருப்பில் தம்பி வீட்டு வாசலில் கூடாரம் போட்டு அவனைக் கிடத்தியிருந்தோம். கோலசிலாங்கூரே வந்திருந்தது. மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள், எல்லாரும் அவன் கை பட்ட பல்லோடு வந்து நின்றார்கள். ஒருவர், மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தவர், என்னிடம் கண்கலங்கி, "டாக்டர் மொகத்தையே இன்னைக்குத்தான் முழுசா பாக்கறேன்மா" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வாய்க்கரிசி போட ஐயர் கூப்பிட்டார். தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைத் தளர்த்தியதும் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. அந்தச் சாம்பல் பல் தெரிந்தது. சுற்றி அத்தனை பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை, என்னைக் கேட்காமலேயே, துணியை மேலே இழுத்து அவன் வாயை மூடப் போனது. அப்போதும் போனது. தம்பி மனைவி என் கையைப் பிடித்தாள்.

"மூணு தடவ போடுங்கம்மா" என்றார் ஐயர்.

போட்டேன். மூன்றாவது தடவை அரிசி அவன் தாடையில் சிந்திவிட்டது. நான் குனிந்து, அதை என் விரலால் வழித்து அவன் வாயிலேயே வைத்தேன்.