காட்டேரியின் அக்கா

எங்கள் மாமா ஒரு படத்தில் ரத்தக் காட்டேரியாக நடித்தார். படத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே போனில் தேடிப் பார்ப்பீர்கள். மாமா இப்போது தி. நகரில் அப்பாவின் நைட்டிக் கடையில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறார். அங்கேகூட, அளவு கேட்க வருகிற பெண்களில் யாராவது ஒருவர் துணியை விட்டுவிட்டு அவருடைய வாயை உற்றுப் பார்ப்பதுண்டு.

அது இரண்டாம் பாகம். முதல் பாகம் மூன்று நாள் ஓடியிருந்தது. மூன்று நாள் ஓடிய படத்துக்கு இரண்டாம் பாகம் எதற்கு என்று அப்பா கேட்டார். படம் எடுத்த பங்களாவை இன்னும் பத்து நாளைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள், அதை விடுவானேன் என்று மாமா பதில் சொன்னார். முதல் பாகத்தில் காட்டேரியாக நடித்தவர் டிவி சீரியலுக்குப் போய்விட்டார். அதனால் உதவி இயக்குநராக இருந்த மாமாவுக்கு அந்த வேடம் கிடைத்தது. காட்டேரியின் முகம் எப்படி மாறியது என்று ஜனங்கள் கேட்பார்களே? நிறைய பேருடைய ரத்தத்தைக் குடித்ததில் முகம் மாறிவிட்டது என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்கள்.

மாமாவின் கோரைப் பற்களை ராயப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் பல்செட் செய்கிறவர்தான் செய்து கொடுத்தார். அவை ஒரு சுற்று பெரிதாகிவிட்டன. அவற்றை மாட்டிக்கொண்டால் மாமாவால் உதட்டை மூட முடியாது. வீட்டில் அவற்றைப் போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டுக் காட்டுவார். எனக்கு அப்போது பத்து வயது. உலகத்திலேயே பெரிய நடிகர் எங்கள் மாமாதான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அம்மாவுக்கும் அப்படித்தான். தன் பன்னிரண்டு வயதில் தாயை இழந்தவள் அவள். அப்போது மாமாவுக்கு நான்கு வயது. அன்றிலிருந்து அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்பதால், அவர் எட்டு வருஷமாக சினிமா சினிமா என்று அலைந்ததை அவள் ஒருத்திதான் வேலை என்று சொல்லுவாள். அப்பா அப்படி நினைக்கவில்லை. இந்தப் படமும் போச்சு என்றால் அடுத்த வாரமே கடைக்கு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மாமாவும் தலையை ஆட்டியிருந்தார். படம் வெளியாகிற வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு வருகிறவர்கள் வெளியே போய் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் மாமாவின் எதிர்காலமே இருந்தது.

அப்போது தியேட்டர் வாசலில் மைக் நீட்டுகிற கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. படம் விட்டு வெளியே வருகிறவர்களைப் பிடித்து, படம் எப்படி இருக்கு என்று கேட்டு, பப்ளிக் ஒப்பீனியன் என்று மத்தியானத்துக்குள் யூடியூபில் போட்டுவிடுவார்கள். சின்னப் படங்களுக்கு வருகிற அந்தப் பப்ளிக்கில் பாதிப் பேர் படம் எடுத்தவர்களின் சொந்தக்காரர்கள்தான் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தி, சப்பாத்திக் கட்டையை மைக்காக நீட்டி ஒத்திகை பார்த்தாள். அப்பாவுக்கு "செகண்ட் ஆஃப் வேற லெவல்." வேளச்சேரியிலிருந்து வரும் அப்பாவின் அண்ணி, என் பெரியம்மாவுக்கு "க்ளைமாக்ஸ நான் எதிர்பாக்கவே இல்ல." எனக்கு "ரொம்ப பயந்துட்டேன், ஆனா இன்னொரு தடவ பாப்பேன்." தனக்கு "குடும்பத்தோட வந்து பாக்கலாம்." சொந்தக்காரர்கள் என்று தெரியக் கூடாது, அதனால் தனித்தனி ஆட்டோவில் வர வேண்டும், தனித்தனி வரிசையில் உட்கார வேண்டும், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றாள். நான் மட்டும் சின்னப் பெண் என்பதால் அவளோடு உட்காரலாம்.

எனக்கு இன்னொரு ரகசியமும் தெரியும். அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு மத்தியானம், அம்மா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தபோது மாமா அவசரமாக வந்தார். அம்மாவின் போட்டோ ஒன்று வேண்டும் என்றார். "உங்க அம்மாவையும் படத்துல காட்டப் போறேன். சொல்லிடாதடா செல்லம், சஸ்பென்ஸ்." நான் பீரோவைத் திறந்து, இருப்பதிலேயே அழகான படத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கல்யாணத்தில் நீலப் பட்டுப் புடவையில் அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த படம். மூன்று மாதம் அந்த ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்திருந்ததற்கு எனக்கு யாராவது பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எல்லாம் திட்டப்படியே நடந்தது. தியேட்டரில் நாற்பது பேர் இருந்திருப்போம். அப்பா எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், யாரோ ஒருவர் போல, பாப்கார்னைத் தானே தின்றுகொண்டிருந்தார். பெரியம்மா ஓரத்தில் இருந்தாள். காட்டேரி முதல்முறை ஜன்னலில் தோன்றியதும் நான் பயத்தில் அம்மாவின் மேல் சாய்ந்தேன். அம்மா சட்டென்று நெளிந்து, என்னைத் தூக்கித் தன் வலது பக்க இருக்கையில் உட்கார்த்தினாள். "இந்தப் பக்கம் சாய்ஞ்சுக்கோ" என்றாள். புதுப் புடவை கசங்கிவிடும் என்று பார்க்கிறாள் என நினைத்தேன்.

உண்மையில் பயப்படும்படி அதிகம் இல்லை. மாமா கழுத்தைக் கடிக்க வரும்போதெல்லாம் அந்தப் பற்கள் அவரைப் படுத்தின. ஜனங்கள் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தார்கள். அப்பாவின் தோள்கூட ஒரு முறை குலுங்கியது. அம்மா மட்டும் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. காட்டேரி பங்களாவின் பின்கட்டுக்குப் போகிறது. அங்கே ஒரு குத்துவிளக்கு எரிகிறது. கேமரா மெல்ல மேலே ஏறுகிறது. சுவரில் சந்தன மாலை போட்டு, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்து, ஊதுபத்திப் புகைக்கு நடுவில், நீலப் பட்டுப் புடவையில் எங்கள் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் இருக்கையின் மேலேயே ஏறிவிட்டேன். "அம்மா, நீதாம்மா" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய திரையில் அவ்வளவு அழகாக இருந்தாள். மாமா பல்லைக் கழற்றிவிட்டு அந்தப் போட்டோவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "அக்கா, எனக்குன்னு யாருக்கா இருக்கா?" என்று கேட்டு, விக்கி விக்கி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இந்த ஊர் ரத்தத்தக் குடிக்காம விட மாட்டேன்" என்றார். அந்தப் படம் முழுவதிலும் யாரும் சிரிக்காத காட்சி அது ஒன்றுதான். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் மட்டும், "அக்கா சூப்பரா கீறாங்க, காட்டேரிதான் சொதப்புறான்" என்றார்.

பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. முன்னால் அப்பா திடுக்கிட்டு எழுந்து நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் யாரோ, அவர் யாரோ என்பது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார். உயிரோடு இருக்கிற பெண்ணின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றிவிட்டார்கள் என்பது அங்கிருந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நெஞ்சில் அறைந்திருக்கும். எனக்கு அது உறைக்கவில்லை. அம்மாவுக்கு ஆனந்த அதிர்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

படம் விட்டு வெளியே வந்தோம். மைக்கோடு ஒரு பையன் காத்திருந்தான். அப்பா முதலில் மாட்டினார். செகண்ட் ஆஃப், வேற லெவல் எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. "சரக்கு நல்ல சரக்கு, நம்பி வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினார். பெரியம்மா மைக்கைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அடுத்து நாங்கள். மாமா தொப்பி போட்டுக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். கும்பிடுகிறாரா, கையைப் பிசைகிறாரா என்று தெரியவில்லை.

மைக் அம்மாவிடம் வந்தது. பையன் இரண்டாம் முறை கேட்டான். தூண் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மா சொன்னாள். "நல்லா இருக்கு. குடும்பத்தோட வந்து பாக்கலாம். அந்த அக்கா தம்பி சீன்ல அப்படியே உறைஞ்சுட்டேன்."

பையன் தலையைச் சாய்த்தான். "உங்கள எங்கியோ பாத்தா மாதிரி கீதே மேடம்?"

"இங்கதான்பா, ராயப்பேட்ட" என்று சொல்லி, என்னை இழுத்துக்கொண்டு அம்மா நடந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. அவ்வளவு ஒத்திகை பார்த்தும் என் வசனத்தை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. முதலில் ஒருவன்தான் கண்டுபிடித்து எழுதினான். "டேய், இந்தம்மா படத்துல செத்துட்டாங்கடா." அதற்குக் கீழே வரிசை கட்டிக்கொண்டு வந்தார்கள். செத்தவங்களே வந்து விமர்சனம் சொல்றாங்க என்றான் ஒருவன். படத்தைவிட இதுதான் பயமா இருக்கு என்றான் இன்னொருவன். படம் படுமொக்கை, ஆனா அந்தப் போட்டோ முன்னாடி அழுகிற இடம் நிஜமா இருந்துச்சு என்று ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார். அப்பா போனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் உரக்கப் படித்தார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

அதற்குள் மாமா அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சுவரில் மாட்ட ஒரு போட்டோ வேண்டியிருந்தபோது யூனிட்டில் ஒருவரும் தங்கள் வீட்டுப் பெண்ணின் படத்தைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லையாம். தூரத்தில் மங்கலாகத்தான் தெரியும் என்று நினைத்தாராம். போட்டோவைப் பார்த்த இயக்குநர்தான் அதற்கென்று ஒரு காட்சியே எழுதிவிட்டாராம். பெரியம்மா மாமாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். "ஊர்ல எவளும் குடுக்காத போட்டோவ, பெத்தவளா பாத்து வளத்தவ போட்டோவ குடுத்திருக்கியே, உனக்குக் கையி கூசல?" பிறகு அவளே மனம் கேட்காமல், செத்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்று அம்மாவிடம் நாலு தடவை சொன்னாள்.

அம்மா யாரையும் திட்டவில்லை. போட்டோவை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டபோதும் என்னை அடிக்கவில்லை. போட்டோக் கண்ணாடியில் காய்ந்திருந்த குங்குமத்தைத் துடைக்க ஈரத்துணி கொடுத்தாள். "நல்லா அழுத்தித் தேய். கொஞ்சங்கூட இருக்கக் கூடாது" என்றாள். நான் தேய்த்தேன்.

செத்தவள் விமர்சனம் சொன்ன படம் என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் சனியும் ஞாயிறும் தியேட்டர் நிறைந்தது. திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாமா கடைக்குப் போனார்.

அந்தத் திங்கட்கிழமை அம்மா, ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் பை இல்லாமல் போனாள். இதெல்லாம் நான் காலேஜ் போன பிறகுதான் பெரியம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால்தான் ஆஸ்பத்திரியில் அதில் ஊசி போட்டுச் சதை எடுத்திருந்தார்கள். நல்லதா கெட்டதா என்று திங்கட்கிழமைதான் தெரியும். தம்பியின் படம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த நிலையில்தான் அவ்வளவு பெரிய திரையில் தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்துதான் மைக்கில், குடும்பத்தோடு பார்க்கலாம் என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. அம்மா பிழைத்துக்கொண்டாள். இப்போதும் கடைத்தெருவில் யாராவது, நீங்க அந்தச் செத்துப்போன அக்கா தானே என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்குவாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு ஒரு சின்னக் கட்டி, எடுத்தாகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா திரும்பி வந்த மத்தியானம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மாமா கடையிலிருந்து நேரே வந்தார். தோளில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எனக்குன்னு யாருக்கா இருக்கா?" என்றார். விக்கி விக்கி அழுதார். அப்படியே படத்தில் வந்த மாதிரியே இருந்தது. நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா இல்லாமலே எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்று ஆச்சரியப்பட்டேன்.

அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. பாவம், மாமாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து நான் உரக்க எடுத்துக் கொடுத்தேன். "இந்த ஊர் ரத்தத்தக் குடிக்காம விட மாட்டேன்."

அம்மா தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, நான் கிட்டே போய் இன்னொரு தடவை சொன்னேன்.