ஓவன் கதவில் வைத்த சோற்றுப் போசி

மெல்பர்னில் நாங்கள் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறிய வாரம், புது ஓவனைப் பொருத்த வந்தவர் வேலை முடிந்ததும் அதன் கதவைத் திறந்து, இரு கைகளையும் ஊன்றித் தம் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்தார். புதுப் பொருளை ஒருவர் என் கண்ணெதிரே இப்படி அழுத்துவதைக் கண்டு திகைத்து நின்றேன். “பிள்ளைகள் உண்டா?” என்று கேட்டார். முன்பின் தெரியாதவர் குடும்பத்தை விசாரிப்பது அங்கே அபூர்வம். நெகிழ்ந்துபோய் மகளின் பெயர், வகுப்பு, அவளுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது வரை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், பிறகு கதவைக் காட்டினார். பிள்ளைகள் திறந்த கதவில் ஏறி நிற்பார்கள். ஓவனும் அதன் மேலுள்ள அடுப்பும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். மேலே கொதிப்பது அவர்கள்மேல் கொட்டும். அப்படி நேராமல் இருக்கத்தான், தரையில் முடுக்கிய ஓர் இரும்புப் பட்டை அடுப்பின் பின்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மகள் பிறந்தபோது துணைக்கு வந்திருந்த அம்மாவுக்கு அந்த நாட்டில் பிடித்துப்போன ஒரே பொருள் ஓவன்தான். தட்டு நிறையக் கடலைக்காயைப் பரப்பி உள்ளே தள்ளிவிட்டு, “நிக்கோணும்னு இல்ல, கிண்டோணும்னு இல்ல” என்று வியப்பார். அப்பாவின் மறைவுக்குப் பின் அம்மா ஊரில், கணபதி பகுதியிலுள்ள வீட்டில் தனியாக இருக்கிறார். இந்த ஆண்டு அவருடைய சமையலறை அலமாரிகளைக் கரையான் அரித்துவிட, எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். அம்மா கேட்டது ஓவன் ஒன்றுதான். அதுவும் கிரானைட் மேடையை வெட்டிப் பதிக்கக் கூடாது. மேலே அடுப்பும் கீழே ஓவனுமாகத் தனியே நிற்கும் வகைதான் வேண்டும் என்றார்.

மின்வேலை, குழாய்வேலை இரண்டையும் பக்கத்துத் தெரு ரபீக்தான் பார்த்தார். சிலிண்டரை வீட்டின் பின்புறப் பொடக்காலியில் வைத்துச் சுவர் வழியாகச் செம்புக் குழாய் கொண்டுவந்தார். முன்னால் இழுத்தாலும் விறைக்காத அளவுக்கு ரப்பர் குழாயில் நீளம் விட்டார். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று நாங்கள் இருவரும் பார்த்தோம். பிளக்கை அடுப்புக்குப் பின்னால் ஒளிக்காமல், கை எட்டும்படி பக்கவாட்டில் வைத்து, எர்த்தையும் சோதித்தார். நான் இரும்புப் பட்டை என்றதும்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“ஏனுங்க அக்கா, அடுப்பு என்ன எருமைங்களா, கட்டிப் போடறதுக்கு?”

“அங்க எல்லாத்தையும் கட்டித்தான் வெப்பாங்க தம்பி. இவ பெத்த புள்ளையவே காருல வாரு போட்டுக் கட்டித்தான் கூட்டீட்டுப் போவா” என்றார் அம்மா. உடனே முகம் மாறியது. “தரையோட முடுக்கிப்போட்டா வெள்ளிக்கெழம பொறத்தால எப்படிக் கழுவறது?”

வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பையும் நகர்த்திச் சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவுவது அம்மாவின் வழக்கம். அந்நிய நாட்டு அடுப்புக்காக அதை விடப்போவதில்லை. ஓவனுடன் வந்த பட்டையோ அட்டைப்பெட்டியோடு பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. இழுத்தால் அடுப்பின் கால் வெளியே வந்து, தள்ளினால் மறுபடி பட்டைக்கு அடியில் போய்ச் சிக்கும்படி லேத் பட்டறையில் ஒன்றை வளைத்து மறுநாள் கொண்டுவருவதாக ரபீக் சொன்னார். குழந்தைகள் இல்லாத வீடுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் முன் அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இப்போது குத்துக்காலிட்டு உட்கார முடியாது. திறந்த ஓவன் கதவின் உயரம் அவருக்கு வசதியாகப் பட்டிருக்கிறது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, சோறு வெந்த பெரிய போசியைக் கதவின்மேல் வைத்து, மூடியை அழுத்திக் கஞ்சி வடிக்கச் சாய்த்தார். நான் உள்ளே வந்தபோது அடுப்பின் பின்கால்கள் தரையை விட்டு எழும்பியிருந்தன. பருப்புப் பாத்திரம் அம்மாவின் மடியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து அடுப்பின் மேல்விளிம்பைப் பின்னால் தள்ளினேன். கஞ்சி தரையெல்லாம் ஓடியது.

“அம்மா, எந்திரி! எந்திரி!”

“எந்திரிச்சுட்டேன் கண்ணு. ஏன் இப்படிக் கத்தற? சோறு கொழஞ்சுபோயிரும், மொதல்ல போசியத் தூக்கு.”

தூக்கினேன். ஓவனுடன் வந்த கையேட்டில் கதவில் ஏறும் குழந்தையின் படம் இருந்தது. சோறு வடிக்கும் தாயை அதை எழுதியவர்கள் எங்கே கண்டார்கள்?

மாலையில் பட்டையோடு வந்த ரபீக் இம்முறை சிரிக்கவில்லை. தரையில் முடுக்கி, அடுப்பைத் தள்ளிப் பொருத்தி, கதவை அழுத்திக் காட்டினார். அசையவில்லை.

“அப்ப இனி போசி வெக்கலாமா தம்பி?”

“வேண்டாமுங்க அம்மா. கவுராதுன்னாலும் அது வடிக்கிற எடமில்லீங்க.”

கழுவு தொட்டிக்குப் பக்கத்தில், கதவின் அதே உயரத்தில் வடிப்பதற்கென்று சிறு கல்மேடை ஒன்றைக் கட்டச் செய்தேன். ஒன்று மட்டும் மிஞ்சியது. பின்காலில் உருளை இருப்பதால் அம்மா அடுப்பைத் தனியாக இழுத்துவிடுவார். திரும்பத் தள்ளும்போது கால் பட்டைக்கு அடியில் போனதா என்று குனிந்து பார்க்க முழங்கால் விடாது. அதற்கு வழி காணாமலேயே விமானம் ஏறினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில், மெல்பர்ன் அலுவலகத்தில் நான் மதிய உணவைப் பிரிக்கும் வேளையில் அம்மா வீடியோவில் அழைக்கிறார். சிலிண்டரை மூடி, பிளக்கைப் பிடுங்கி, கழுவி முடித்திருப்பார். கைபேசியை அடுப்பின் பக்கவாட்டு இடைவெளியில் கீழே இறக்கிச் சாய்த்து வைக்கிறார். ஈரத் தரையும் ஓர் உருளைக் காலும் திரையில் தெரிகின்றன.

“போயிருச்சா கண்ணு?”

“இன்னும் கொஞ்சம் தள்ளும்மா. எடது பக்கம். போயிருச்சு.”

போன வாரம் கைபேசியை அங்கிருந்து எடுக்க மறந்துவிட்டார். வாசலில் கீரைக்காரம்மாவிடம் அரைக்கீரை இளசாக இல்லை என்று வாதாடும் அவர் குரல் தூரத்தில் கேட்டது. எதிர் நாற்காலிக்காரர்கள் கூட்டத்துக்கு எழுந்து போனார்கள். அழைப்பைத் துண்டிக்க மனமில்லாமல், அம்மாவின் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, ஈரத் தரையில் நான் கிடந்தேன்.