இரண்டு விரல் நீளம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் என் கணவரின் தோல் பட்டி தொங்கியது. சாரத்துக்கு மேல் கட்டுகிற அகலமான இடுப்புப் பட்டி. உப்புத் தண்ணீர் பட்டால் பழுதாகும் என்று, கடலுக்குப் போகும்போது கழற்றி மாட்டிவிட்டுப் போவார். இடம்பெயர்ந்திருந்த நாங்கள் ஊர்காவற்றுறைக்குத் திரும்பிய மறுவருடமும் அப்படித்தான் போனார். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. உடல் கிடைக்காததால், "இருந்து பாரும்" என்றார்கள் ஊரார். நான்கு வருடம் இருந்து பார்த்தேன். பட்டிக்குத் தவறாமல் தேங்காயெண்ணெய் பூசினேன். அழவில்லை. அழுதால் நானே அவரைச் சாகக் கொடுத்ததாகிவிடும் என்று பயந்தேன்.

எங்கள் கோயிலில் இயேசுவின் ஆளுயர மரச் சிலை, சுருவம், ஒன்று உண்டு. பெரிய வெள்ளியன்று ஆணிகளைக் கழற்றி, சிலுவையிலிருந்து அதை இறக்குவார்கள். அதற்காகவே தோள்களில் தோல் வைத்து, கைகள் மடங்கும்படி செய்திருந்தார்கள். ஊரில் ஆளில்லாத காலத்தில் இடது தோளின் தோல் உக்கிப்போயிருந்தது. சிலுவையிலேயே விட்டுக் கும்பிடுவோம் என்றார்கள் பலர். கோயில் மூப்பர் சிடுசிடுப்பானவர், விடவில்லை. "இது பாக்கிறதுக்குச் செய்த சுருவமில்லை. இறக்கிறதுக்குச் செய்தது" என்று ஒரே பிடியாக நின்றார். பழைய தோல் துண்டு கேட்டு வீடு வீடாகப் போனார். என் வீட்டுக்கும் வந்தார். பட்டியைக் கண்டதும் பேச்சை மாற்றி, கிணற்றில் தண்ணீர் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார். கேட்டிருந்தால் ஏலாது என்றிருப்பேன். கேட்காமல் போனதுதான் மனதை அரித்தது. மூன்றாம் நாள் நானே கொண்டுபோய் நீட்டினேன்.

"யோசிச்சுத்தானே தாறீர், பிள்ளை?"

"ஓம்."

பித்தளைக் கொளுக்கியை மட்டும் வெட்டி எடுத்து என் கையில் திருப்பித் தந்தார்.

பெரிய வெள்ளியன்று பெண்கள் பீடத்தின் முன்னுள்ள கிராதிக்கு வெளியே நிற்பதுதான் வழக்கம். மூப்பர் என்னை உள்ளே கூப்பிட்டு, வெள்ளைத் துணியின் ஒரு முனையைத் தந்து இடது பக்கம் நிறுத்தினார். ஏணியில் நின்றவர்கள் ஆணியைக் கழற்றினார்கள். சுருவத்தின் இடது கை சரேலென்று விழுந்து என் தோளில் தங்கியது. நல்ல பாரம். சின்ன வயதிலிருந்து தூரத்தில் நின்று பார்த்த சுருவம், அன்று என்மேல் சாய்ந்தது. என் மனிசனின் உடலைத் தாங்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதைத் தாங்கினேன். கோயில் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, அவருக்காக முதல்முறை வாய்விட்டு அழுதேன்.

கை அவ்வளவு கீழே இறங்கியதால், கிழவர் அளவு பிழைத்து, பட்டித் தோலை நீளமாக வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகொருநாள் கேட்டேன். சினந்தார். "அளவு பிழைக்கேல்லை. ரெண்டு விரல் கூட விட்டனான். இல்லாட்டிக் கீழ நிக்கிற ஆளுக்கு எட்டாது."

மூப்பர் இப்போது இல்லை. நன்றி சொன்னால் ஏசுவார் என்று கடைசிவரை சொல்லாமலே விட்டேன். இங்கே சொல்லிக்கொள்கிறேன். ஆணியில் கொளுக்கி மட்டும் தொங்குகிறது. மீதிப் பட்டி எங்கே என்று யாராவது கேட்டால், கோயிலில் வேலையாக இருக்கிறது என்பேன்.