சுருள் வைத்த இலக்கம்

பதினொரு வயதில் எனக்கு அழகெழுத்துப் பைத்தியம் பிடித்தது. ஐஸ்கிறீம் தடியின் நுனியைச் சரிவாகச் சீவி, மையில் தொட்டு, வேத வசனங்களை அட்டைகளில் வளைத்து வளைத்து எழுதினேன். எங்கள் ஊரான அரிப்பில், கோயில் திருநாளன்று வாசலில் மேசை போட்டு விற்க உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோரும் எடுத்துப் பார்த்து, "நல்ல வடிவு" என்றார்கள். திருப்பி வைத்துவிட்டுக் கச்சான் கடலை வாங்கப் போனார்கள். அம்மா மனமிரங்கி ஒன்றை வாங்க வந்தார். வீட்டார் வாங்கினால் அது விற்பனையே இல்லை என்று மறுத்துவிட்டேன். பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஒன்றையாவது விற்றே தீருவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது தன் மீன்பிடிப் படகுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தார். பதிவு இலக்கம் மட்டும் எழுத வேண்டியிருந்தது. மாமா வேறு வீட்டில் இருந்தபடியால் என் சட்டப்படி அவர் வாடிக்கையாளர்தான். போய் விலை சொன்னேன். அவரும் சந்தையில் நிற்பவர் போல, "கூடவாக் கிடக்கு, கொஞ்சம் குறையுங்கோ" என்று பேரம் பேசித்தான் ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் படகோடு மல்லுக்கட்டினேன். இரு பக்கத்திலும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் வால் வைத்து, சுருள் வைத்து, எட்டில் ஒரு கொடியையும் படரவிட்டேன்.

மறுநாள் விடியவே மாமா திரும்பி வந்துவிட்டார். கடலுக்குப் போகுமுன் கரையிலுள்ள சென்றிக் காவலரணில் படகின் இலக்கத்தைப் பார்த்துப் பதிவார்கள். காவலில் நின்றவருக்கு என் எழுத்தில் ஒன்றும் விளங்கவில்லையாம். இது இலக்கமா, பூவா என்று கேட்டாராம்.

"பிள்ளை, அந்த எட்டை மட்டும் கொஞ்சம் நேராக்கி விடுறியோ? தொழிலுக்குப் போகேலாமல் கிடக்கு."

"ஏலாது மாமா. வித்தது வித்ததுதான். நீங்களும் தொடக்கூடாது."

சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. விட்டுக்கொடுத்தால் என் ஒரேயொரு விற்பனையும் இல்லாமல் போய்விடுமே. மாமா தலையைச் சொறிந்தார். "ஓம், சரி. வித்ததுதானே" என்று போய்விட்டார்.

இரண்டு நாள் படகு கரையிலேயே கிடந்தது. அம்மா என்னோடு பேசவில்லை. நானும் அசையவில்லை. மூன்றாம் நாள் படகு கடலுக்குப் போனது. காவலாளி ஒருவழியாக அழகெழுத்தை வாசிக்கப் பழகிவிட்டார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கியபின், தினமும் வீடு திரும்பும்போது கடற்கரைப் பாதையில் நின்று என் எழுத்தைப் பார்ப்பேன். மற்றப் படகுகள் எல்லாம் முன்பக்கம் தரையைப் பார்க்க வரிசையாகக் கிடக்கும். மாமாவின் படகு மட்டும் கடலைப் பார்த்துக் கிடக்கும்; பாதைக்கு எப்போதும் அதன் ஒரே பக்கந்தான் தெரியும். கரைக்கு வந்ததும் நாலு பேரைக் கூப்பிட்டு, அவர்களிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு, அதை அப்படித் திருப்பி வைப்பார். மாமாவுக்கு எதிலும் தலைகீழ்க் குணம் என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் ஊருக்குப் போனபோது, பழுதாகிக் கரையில் கிடந்த அந்தப் படகைச் சுற்றி வந்தேன். பாதையைப் பார்த்த பக்கத்தில் என் சுருள்கள் மங்கிக் கிடந்தன. சென்றிக்குக் காட்டிய மறுபக்கத்தில், மாமாவின் கையால், கோணல்மாணலாக, யாரும் வாசிக்கக்கூடிய பெரிய இலக்கம்.

அத்தனை வருடமும் நான் ஒரு தரம்கூட அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை. என் பக்கத்தை ரசிக்கவே எனக்கு நேரம் போதவில்லை.